பதினாலாவதாக் கண்முழிச்சது

உப்பாத்துமுனையில ஹார்பர் ரோட்ட விட்டு உள்ள திரும்பினா, ஐஸ் பேக்டரிக்குப் பின்னால இருபத்திரண்டு வீடு இருக்கிற கர்வாலோ காலனின்னு ஒரு சந்து உண்டு, அங்கன மூணு வருசத்துக்கு முன்னால ஒரு ஆடி மாசச் செவ்வாக்கிழமை, மாசாமாசம் பராமரிப்புன்னு சொல்லிக் காலையில கரண்ட நிப்பாட்டுவாங்கல்லா, அப்படி நிப்பாட்டின கரண்டு சாயங்காலம் அஞ்சு பத்துக்குத் திரும்பி வந்தபோது, ஒவ்வொரு வீட்டு நிலையிலயும் அடிச்சிருந்த நீலத் தகட்டுல நம்பர் மாறிப்போயிருந்தது. ஏன் மாறிச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டவங்க எல்லாம் கேட்டு ஓஞ்சு வேற சோலியப் பாக்கப் போயிட்டாங்க.

மாறுன விதத்தக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. கரண்டு போனதும் தகடெல்லாம் துடைச்ச சிலேட்டாட்டம் வெறுமையாயிடும். திரும்பி வந்ததும் எந்த வீட்டுல மொதல்ல லைட்டு எரியுதோ அந்த வீட்டுத் தகட்டுல ஒண்ணுன்னு வரும், அடுத்து எரியுற வீட்டுக்கு ரெண்டு, அதுக்கடுத்து மூணு, இப்படியே வரிசையா இருபத்தொண்ணு வரைக்கும். இருபத்திரண்டு கிடையாது. ஏன்னா பழைய பதினாலாம் நம்பர் வீட்டுக்குக் கரண்டே இல்ல. அது கூரை விழுந்து, முத்தத்துல ஆலங்கன்னு முளைச்சு, சாரையும் கீரியும் குடித்தனம் நடத்துத வீடு. கண்ணு முழிக்க வழியில்லாததால அதோட தகடு அன்னைக்கு வெறுமையானதுதான், வெறுமையாவே கிடந்தது.

மொத மாசம் அழுதோம், ரெண்டாம் மாசம் அடிச்சுக்கிட்டோம், மூணாம் மாசம் பழகிட்டோம். தபால்காரர் சண்முகையா தெளிவாச் சொல்லிட்டாரு. "நான் நம்பருக்குத் தபால் குடுக்குதவன். நம்பர் எந்த வீட்டுல நிக்குதோ அங்க போட்டுட்டுப் போவேன். பொறவு நீங்களாச்சு, உங்க ஊர்வலமாச்சு." அதனால ஞாயித்துக்கிழமை காலையில அடிபம்புக்கிட்ட எல்லாரும் கூடி, அவங்கவங்க கைக்கு வந்த அடுத்தவன் தபால மாத்திக்கிட்டோம். பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் மாத்திக்கிட்டோம், அதுல என்ன வெட்கம்? ஒம்போதாம் நம்பர்ல பொண்ணு பாக்க வந்த கோவில்பட்டிக்காரங்க அன்னைக்கு ஒம்போதா இருந்த வீட்டுல நுழைஞ்சு, அங்க முறுக்குப் பிழிஞ்சுக்கிட்டிருந்த பொண்ணப் பாத்து, பிடிச்சுப்போயி, பூவும் வச்சுட்டுப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு இப்ப ரெண்டு பிள்ளை. நெசமான ஒம்போதாம் நம்பர்க்காரி இன்னும் அந்தப் பொண்ணோட அம்மாகூடப் பேசுதது இல்ல.

இதுல பெரிய ஆதாயம் தண்ணி லாரி. லாரி ஒண்ணாம் நம்பர்ல இருந்துதான் ஊத்திக்கிட்டே வரும், பதினாறு பதினேழு வரும்போது டேங்க் காஞ்சுரும். சும்மா விடுவோமா? கரண்டு வார நேரத்துக்கு ஆளாளுக்கு சுவிட்சுக்கிட்ட நின்னோம். துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயரான மச்சாது அண்ணாச்சி, மீட்டருக்கும் லைட்டுக்கும் நடுவுல சுவிட்சே இல்லாம நேரா வயரக் கொடுத்து, தொடர்ந்து பதினோரு மாசம் ஒண்ணாம் நம்பரா இருந்தாரு. அவரு நடையே மாறிப்போச்சு, மேயர் மாதிரி.

ஒரு தடவ சரியா கரண்டு வார நேரத்துல குல்பி ஐஸ் வண்டிக்காரர் பேட்டரி பல்பு போட்டுக்கிட்டு மணியடிச்சுக்கிட்டுச் சந்துக்குள்ள வந்தாரு. அஞ்சு வீடு முழிச்சிருந்த நேரம், ஆறாவதா அவரு வண்டி எரிஞ்சுச்சு. வண்டிப் பலகையில நீலமா ஆறுன்னு விழுந்திட்டு. அடுத்த கரண்டு கட் வரைக்கும் ஆறாம் நம்பருக்கு வந்த கேஸ் சிலிண்டரு, எல்ஐசி கடுதாசி எல்லாம் அவரத் தேடி ஊரெல்லாம் அலைஞ்சுது. அவரும் நல்ல மனுசன், சிலிண்டரக் குல்பியோட வச்சுத் தள்ளிக்கிட்டு வந்து ஒப்படைச்சாரு, அடுத்த கரண்டு கட் அன்னைக்கு வண்டியச் சந்துக்குள்ளயே நிறுத்தி, ஆறு அழிஞ்ச பொறவுதான் போனாரு. இத நெனப்புல வச்சுக்கோங்க, பொறவு வேணும்.

இந்தக் கூத்துக்கெல்லாம் ஆச்சரியப்படாத ஒரே ஆளு தொபியாஸ்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குதவன், பிரம்மசக்தி அக்கா வீட்டு முன்னறைய வாடகைக்குப் பிடிச்சு, அதுல கடையும் படுக்கையும் போட்டிருந்தான். பிரம்மசக்தி அக்கா துறைமுக கன்டெய்னர் யார்டுல, உள்ள வார பெட்டி வெளிய போற பெட்டி எல்லாத்தோட நம்பரையும் எழுதுத வேலை. புருசன் கொழும்புக்குப் போறேன்னு போனவரு போனவருதான். அக்கா ஒத்தையா நின்னு ஒரு வருசம் அஸ்திவாரம், ஒரு வருசம் சுவரு, ஒரு வருசம் கூரைன்னு ஏழு வருசத்துல கட்டின வீடு அது. மேற்கு மூலையில மழைக்கு ஒழுகும். முன்னறை டியூப்லைட்டு அஞ்சு தரம் சிமிட்டிட்டு ஆறாவது தரம்தான் எரியும். அதனால அக்காவுக்கு எப்பவும் பதிமூணு, பதினஞ்சுன்னு நடுவுலதான் நம்பர் கிடைக்கும். அக்கா அதுக்குக் கவலப்பட்டதும் இல்ல.

"கம்ப்யூட்டருக்கும் இதே கோட்டிக் கிறுக்குதான் எக்கா," என்பான் தொபியாஸ், கழட்டின டிஸ்க்க மடியில வச்சுக்கிட்டு. "கரண்டு போட்டதும் உள்ள கிடக்குத டிஸ்க்க எல்லாம் கூப்பிடும். எது மொதல்ல 'இருக்கேன்'னு சொல்லுதோ அதுக்கு மொத எழுத்து. அடுத்து சொன்னதுக்கு ரெண்டாம் எழுத்து. நாளைக்கு அணைச்சுப் போட்டா வேற ஒண்ணு முந்திக்கிடும், அப்ப அதுதான் மொத எழுத்து. பேரு டிஸ்க்கோடது இல்ல, வரிசையோடது."

அவன் பட்டுத் தெரிஞ்சவன். முன்னால ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவுல இருந்தான். வேலை முடிஞ்ச டிஸ்க்கு ரெண்டாவதா நிக்குதுன்னு பாத்து வச்சுக்கிட்டு, டீ குடிச்சுட்டு வந்து, நடுவுல கரண்டு போயி வந்தத மறந்து, "ரெண்டாவத அழி"ன்னு சொல்லிட்டான். கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்டுச்சு. மூணு கல்யாணம், ஒரு சடங்கு, ஒரு காதுகுத்து, அத்தனையும் போச்சு. அதுல ஒரு மாப்பிள்ளை மட்டும் தனியா வந்து கையப் பிடிச்சு நன்றி சொல்லிட்டுப் போனாராம்.

"அப்ப அதுக்குன்னு சொந்தப் பேரே கிடையாதா தம்பி?"

"இருக்கு எக்கா. ஒவ்வொண்ணுக்குள்ளயும் முப்பத்தாறு எழுத்துல நெட்டப் பேரு ஒண்ணு எழுதிக் கிடக்கும். வாயில நுழையாது, ஆனா லோகத்துல வேற எதுக்கும் அந்தப் பேரு கிடையாது. அதச் சொல்லி அழின்னு சொல்லியிருந்தா தப்பு வந்திருக்காது. சோம்பேறித்தனம், ரெண்டாவதுன்னு சொல்லிட்டேன்."

"எங்க கன்டெய்னருக்கும் அப்படித்தான். நாலு எழுத்து, ஏழு நம்பர். அடுக்கு மாறினாலும், கப்பல் மாறினாலும், கடல்ல விழுந்து மிதந்தாலும் அதே பேருதான். வெறும் தகரப் பெட்டிக்கு இருக்கு, குடியிருக்க வீட்டுக்கு இல்ல, பாத்துக்கோ."

அதச் சொல்லி ரெண்டு வாரம் இருக்கும். மாசிமாசத்துக் கரண்டு கட் முடிஞ்சு அக்கா வீட்டுக்குப் பதினாலு விழுந்துச்சு. மறுநாள் காலையில நகராட்சில இருந்து ஆளு வந்து, பசையக் கரைச்சு, அக்கா கதவுல ஒரு நோட்டீச ஒட்டிட்டுப் போனான். பதினாலாம் நம்பர் வீடு ஆபத்தான நிலையில் இருப்பதால் முப்பது நாளில் இடிக்கப்படும்னு போட்டிருந்தது.

எங்களுக்கு விசயம் ஒடனே புரிஞ்சுது, எல்லாரும் தரையப் பாத்தோம். ஏன்னா மனு குடுத்ததே நாங்கதான். நம்பர் மாறத் தொடங்குததுக்கு முந்தி, அந்த இடிஞ்ச வீட்டுல இருந்து பாம்பு வருதுன்னு மச்சாது அண்ணாச்சி மனு எழுதினாரு. அவரு வார்த்தையில கஞ்சன். 'பதினாலாம் நம்பர் வீடு ஆபத்தாக உள்ளது, இடித்துத் தரவும்'னு ஒத்த வரி. அதுல மொதக் கையெழுத்து யாரு போட்டதுன்னு நெனைக்கீங்க? பக்கத்து வீட்டுக்காரி பிரம்மசக்தி அக்காதான். சொந்தச் செலவுல சூனியம் வச்ச கதைதான்.

அக்கா லீவு போட்டுட்டு நகராட்சிக்குப் போனா. அங்க இஞ்சினியர் ஞானதிரவியம், பைலப் பிரிச்சு விரல வச்சுக் காட்டினாரு.

"என்னம்மா போட்டிருக்கு? பதினாலு. உங்க கதவுல என்ன இருக்கு?"

"பதினாலுதான் சார். ஆனா அது இந்த மாசம்தான். நீங்க இடிக்க வேண்டியது பக்கத்து வீடு. அதுக்குக் கூரையே கிடையாது, பாத்தாலே தெரியும்."

"பேப்பர்ல கூரை இல்லாத வீடுன்னு இல்லையே."

"நம்பரப் பாக்காதீங்க சார், வீட்டப் பாருங்க!"

"வீட்டப் பாத்துத்தான் இடிக்கணும்னா அப்புறம் நம்பர் எதுக்கும்மா?" ன்னாரு. கெட்ட மனுசன் இல்ல, குடிக்கத் தண்ணிகூடக் குடுத்தாரு.

அக்கா திரும்பி வந்து வாசப்படியில உக்காந்து ஏங்கி ஏங்கி அழுதா. நாங்களும் சுத்தி உக்காந்து "பாவம்"னு சொன்னோம். பாவம்னு சொல்ல என்ன செலவு? சொல்லிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயி மீன் கழுவினோம். உள்ளதச் சொல்லணும்லா, எனக்கு அன்னைக்கு ராத்திரி நல்லா உறக்கம் வந்துச்சு.

முப்பதாம் நாளு பங்குனி மாசச் செவ்வாக்கிழமை. அன்னைக்குத்தான் அந்த மாசத்துக் கரண்டு கட். ஜேசிபி வேற வேலைய முடிச்சுட்டுச் சந்துக்குள்ள வந்தப்ப சாயங்காலம் நாலு மணி, பின்னாலயே ஜீப்புல இஞ்சினியர். இறங்கிப் பாத்தாரு. இருபத்திரண்டு தகடும் வெறுமையாக் கிடந்தது.

"பதினாலு எங்க?"

"கரண்டு வந்தாத்தான் தெரியும் சார்," ன்னா ஒருத்தி. வேற யாருமில்ல, நான்தான். நாக்குக்கு எலும்பு கிடையாதுல்லா.

இஞ்சினியர் கடிகாரத்தப் பாத்தாரு. "சரி. வரட்டும். எதுல பதினாலு விழுதோ அத இடிச்சுட்டுப் போறேன்," னு சொல்லிட்டு ஜீப்புல ஏறி உக்காந்து, பொட்டலத்தப் பிரிச்சு மக்ரூன் தின்ன ஆரம்பிச்சாரு. ஜேசிபி ஓட்டுத கொம்பையா இஞ்சின அணைக்காமலே பீடி பத்த வச்சாரு.

அப்பத்தான் எங்களுக்கு உறைச்சுது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான தெரியும்! இப்ப பதினாலு அக்காவுக்குன்னு யாரு சொன்னது? எனக்கு விழலாம், மச்சாதுக்கு விழலாம், யாருக்கும் விழலாம். அஞ்சே நிமிசத்துல காலனியே அடிபம்புல நின்னுது. ஒரு மாசமா அக்காவப் பாத்துப் பாவம்னு சொன்ன வாயெல்லாம் இப்ப "அநியாயம்! அக்கிரமம்!"னு கத்துது.

தொபியாஸ் பம்பு மேட்டுல ஏறி நின்னான். "கத்தாதீங்க. பதினாலு யாருக்குப் போகணுமோ அதுக்கே போகட்டும். எல்லாரும் மெயின் சுவிட்ச அணைச்சு வையுங்க. கரண்டு வந்ததும் நான் பேரு சொல்லுத வரிசையில பதிமூணு வீடு மட்டும் போடணும். பதினாலாவதா அந்த இடிஞ்ச வீட்டுல நான் லைட்டு போடுவேன். அதுக்குப் பதினாலு விழுந்ததுக்கப்புறம் மத்தவங்க போடுங்க."

நல்ல யோசனைதான். ஆனா இடிக்கப் போற வீட்டுல மாட்ட லைட்டு யாரு குடுப்பா? ஒருத்தர் பல்பு பீஸ்னாரு, ஒருத்தர் ஏணி இல்லன்னாரு. நான் எங்க வீட்டுக்காரரு சாவிய எடுத்துட்டுப் போயிட்டாருன்னேன், அவரு பக்கத்துலதான் நின்னாரு. அந்தப் பதிமூணுல இருக்க எல்லாரும் முண்டினோம், மிச்ச எட்டுல நிக்க ஒருத்தரும் வரல, இடிஞ்ச வீட்டத் தப்பினா பதினாலு அந்த எட்டுலதான விழும். மச்சாது அண்ணாச்சி நெஞ்ச நிமித்தி, "நான் ஒண்ணு, அதுல மாத்தம் கிடையாது வே," ன்னாரு.

பிரம்மசக்தி அக்கா உள்ள போயி, முன்னறை டியூப்லைட்டப் பட்டியோட கழட்டி, தோள்ல வச்சுக்கிட்டு வந்தா. "நான் கடைசியா நிக்கேன். வயரும் எங்க வீட்டுல இருந்தே இழுத்துக்கோ தம்பி. பக்கத்துல இருக்கது நான்தான?"

தொபியாஸ் முகம் சுண்டிப்போச்சு. "எக்கா, கரண்டு உங்க வீட்டுது, லைட்டு உங்க வீட்டுது. நம்பர் அதுக்குப் போகுமா உங்களுக்குப் போகுமான்னு எனக்கே தெரியாது. ஒரு தடவ நான் தப்பான டிஸ்க்க அழிச்சவன்."

"தெரியும். அதனாலதான் இந்தத் தடவ பாத்துச் செய்வ," ன்னுட்டு டியூப்லைட்ட நீட்டினா அக்கா. அதக் கேட்டதும் நான் கடைசி எட்டுல வந்து நின்னுட்டேன். எனக்குப் பின்னால மத்தவங்களும் மெதுவா வந்து நின்னாங்க.

அஞ்சு மணிக்கு வர வேண்டிய கரண்டு ஆறே முக்காலுக்குத்தான் வந்துச்சு. சந்துல முகம் தெரியாத மசங்கல். தொபியாஸ் இடிஞ்ச வீட்டுச் சுவருல நின்னு பேரு பேரா கூப்பிட்டான், மச்சாது அண்ணாச்சி ஒண்ணுன்னு எரிஞ்சாரு, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு, கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு வாசலா மஞ்சளாவும் வெள்ளையாவும் முழிச்சு, ஒவ்வொரு தகட்டுலயும் நீலமா நம்பர் ஊறி ஊறி மேல வந்து, பன்னெண்டாச்சு, பதிமூணாச்சு. தொபியாஸ் சுவிட்சப் போட்டான்.

டியூப்லைட்டு ஒரு தரம் சிமிட்டிச்சு. ரெண்டு. மூணு. பிரம்மசக்தி அக்கா தன் வீட்டுத் தகட்டையே பாத்துக்கிட்டு, சேலைத் தலைப்ப வாயில திணிச்சுக்கிட்டு நின்னா. நாலு.

அந்நேரம் பாத்து இஞ்சினியரு, "என்னய்யா இது, ஒரு எழவும் தெரியல, லைட்டப் போடுய்யா," ன்னாரு டிரைவர்கிட்ட. டிரைவர் போட்டாரு.

ஜீப்பு ரெண்டு கண்ணையும் பளீர்னு முழிச்சுது. கதவுல, நகராட்சி முத்திரைக்குக் கீழ, நீலமா, வடிவா, பதினாலு.

அதுக்கப்புறம் டியூப்லைட்டு அஞ்சாவது தரமும் சிமிட்டி ஆறாவது தரம் எரிஞ்சு, இடிஞ்ச வீட்டுக்குப் பதினஞ்சு விழுந்தத யாரு பாத்தா? சந்து முழுக்க ஜீப்பத்தான் பாத்துக்கிட்டிருந்தது. கொம்பையா மட்டும் பீடியத் தூரப் போட்டாரு. முப்பது வருசமா கடுதாசியில என்ன போட்டிருக்கோ அத மட்டும் இடிச்சுப் பழகின மனுசன். கியரப் போட்டு, வண்டியப் பைய திருப்பி, மண் அள்ளுத இரும்புக் கைய மேல தூக்கினாரு.

"யோவ்! யோவ்! என்னய்யா பண்ணுத!" மக்ரூன் பொட்டலம் சிதற இஞ்சினியர் கீழ குதிச்சாரு.

"பதினாலு சார்."

"அது ஜீப்புய்யா!"

"கடுதாசில பதினாலுன்னுதான சார் போட்டிருக்கு. ஜீப்ப விட்டுட்டுன்னு போடலையே."

"கோட்டிப்பயலே, நம்பரப் பாக்காத, வண்டியப் பாருய்யா!"

காலனி மொத்தமும் பிரம்மசக்தி அக்காவத் திரும்பிப் பாத்துது. அக்கா வாயில இருந்து தலைப்ப எடுத்தா.

"இதத்தான் சார் நானும் ஒரு மாசமாச் சொல்லுதேன்," ன்னா.

கொம்பையா அந்த இரும்புக் கைய இறக்கல. மாத்தி எழுதித் தந்தாத்தான் இறக்குவேன்னுட்டாரு. இஞ்சினியர் ஜீப்பு மூடி மேல ஆர்டர விரிச்சு, பேனாவ எடுத்தாரு. என்ன எழுதன்னு முழிச்சாரு. அக்கா யார்டுல பெட்டி எழுதுத தோரணையில இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிதானமாச் சொல்லச் சொல்ல அவரு எழுதினாரு. "கூரை இல்லாத, முத்தத்துல ஆலங்கன்னு முளைச்ச, தெக்குச் சன்னல்ல அஞ்சு கம்பியில மூணு கம்பி களவு போன, நிலைப்படியில மீன் படம் செதுக்கி அதுல வால் மட்டும் உடைஞ்ச, எட்டு வருசமா ஒருத்தரும் விளக்கேத்தாத, பிரம்மசக்தி வீட்டுக்கு வடபக்கத்து வீடு. எழுதிட்டீங்களா சார்? வாசிங்க." அவரு வாசிச்சாரு. தொபியாஸ் டியூப்லைட்டக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு, கொம்பையாவுக்கு ஒவ்வொரு அடையாளமாத் தொட்டுத் தொட்டுக் காட்டினான், மீன் வால ரெண்டு தரம் காட்டினான். பொறவுதான் ஜேசிபி உள்ள போச்சு. சாரை முந்தியே வெளியேறிட்டு.

அந்த ஜீப்பு குல்பி வண்டி மாதிரி அடுத்த கட்டுக்குச் சந்துக்குத் திரும்பி வராததால பதினாலு அதோடயே போயிட்டு. அடுத்த கரண்டு கட்டுல எங்க நம்பரெல்லாம் திரும்பவும் மாறிச்சு, ஆனா பதிமூணுக்கு அடுத்து பதினஞ்சுதான் விழுந்துச்சு. கம்ப்யூட்டர்லயும் சிலதுல மூணாவது எழுத்துல இருந்துதான் ஆரம்பிக்குமாம், மொத ரெண்டும் எப்பவோ செத்துப்போன டிஸ்க்குக்குன்னு விட்டு வச்சதுன்னு தொபியாஸ் சொன்னான். பழைய பழக்கத்துல பதினாலாம் நம்பருன்னு போட்டு வார கல்யாணப் பத்திரிகை எல்லாம் இன்னைக்கும் ஞானதிரவியம் சாருக்குத்தான் போகுது. பாதிக்கு அவரு போயிச் சாப்பிட்டுட்டும் வாராரு.

அந்த வாரமே ஒவ்வொரு வீட்டுக்கும் அக்கா நெட்டப் பேரு எழுதினா. தயவு தாட்சண்யமே கிடையாது, உள்ளத உள்ளபடி எழுதினா. எங்க வீட்டுப் பேருல 'புருசன் பக்கத்துல நிக்கும்போதே சாவி இல்லன்னு சொன்ன'ன்னு ஒரு துண்டு வருது, கெஞ்சியும் எடுக்க மாட்டேன்னுட்டா. மச்சாது அண்ணாச்சிக்கு இப்பவும் நம்பர் ஒண்ணுதான், ஆனா தபால்ல அத யாரும் எழுதுதது இல்ல. சண்முகையா கண்ணாடியப் போட்டுக்கிட்டு, மூச்சப் பிடிச்சுக்கிட்டு, வீடு வீடா முழுப் பேரையும் சத்தமா வாசிச்சுத்தான் தபால் குடுக்காரு.

அக்கா அவரு வாரத தூரத்துலயே சன்னல் வழியாப் பாத்துருவா. ஆனாலும் கதவத் திறக்க மாட்டா. "மேற்கு மூலையில் மழைக்கு ஒழுகுகிற, ஏழு வருசத்தில் ஒருத்தி ஒத்தையாகக் கட்டிய, அஞ்சு தரம் சிமிட்டி ஆறாவது தரம் எரிகிற..." ன்னு சண்முகையா வாசல்ல நின்னு வாசிச்சுக்கிட்டே போவாரு, பாதியில நிப்பாட்டி, "எம்மா, இருக்கது தெரியுதுல்லா, கதவத் திறயேன்," ம்பாரு.

"முழுசாச் சொல்லும் வே," னு உள்ள இருந்து சத்தம் வரும்.